தானாகத் தொடங்காத நிரல்: அன்றும் இன்றும்

சிங்கப்பூரின் டோபி காட் நிலையத்தில் 1987இல் ஒரே ரயில் பாதைதான் இருந்தது. 2003இல் ஓட்டுநரின்றி ஓடும் வடகிழக்குப் பாதையும், 2010இல் வட்டப் பாதையும் சேர்ந்தன. ரயிலுக்கு வெகு காலம் முன்பு, இன்று ஸ்டாம்ஃபர்ட் கால்வாயாக ஒடுங்கிவிட்ட ஓடையில் சென்னையிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த சலவைத் தொழிலாளர்கள் துணி துவைத்து, பக்கத்துத் திடலில் உலர்த்தினார்கள். பல வீட்டுத் துணிகள் கலக்கும் தொழில் அது. எந்தத் துணி எவருடையது என்பதை ஓரத்தில் இடும் சலவைக்குறிதான் சொல்லும். இந்த வட்டாரத்தில் லினக்ஸ் கணினிகளைப் பராமரிப்பவன் நான். எங்கள் தொழிலுக்கு அப்படியொரு குறி வெகு தாமதமாகவே வந்தது.

2000ஐ ஒட்டிய ஆண்டுகளில், கணினி எழும்போது ஒரு நிரல் தானாக ஓட வேண்டுமென்றால் ‘ஆர்சி.லோக்கல்’ கோப்பின் கடைசியில் ஒரு வரி எழுதுவோம். ரெட் ஹேட் லினக்ஸில் தொடக்க வேலைகள் எண் வரிசைப்படி நடக்கும்: வலையமைப்புக்கு 10, நம் கோப்புக்கு 99. திரையில் பச்சையில் ‘ஓகே’ என்றும் சிவப்பில் ‘ஃபெயில்டு’ என்றும் வரிகள் ஓடும். நம் நிரல் விழுந்தால், அதன் பிழைச்செய்தியை ஒரு கோப்புக்குத் திருப்பிவிட்டிருந்தால்தான் காரணம் கிடைக்கும். இல்லையேல் ஊகிக்க வேண்டும், மறுபடி இயக்க வேண்டும், காத்திருக்க வேண்டும்.

2010இல், தொடக்க வேலைகளை நடத்தும் சிஸ்டம்டி வந்தது. 2011இல் ஃபெடோரா 15 லினக்ஸ் அதை ஏற்றது. கடும் சர்ச்சைக்குப் பிறகு 2015இல் டெபியன் 8 ஏற்றது. இப்போது ஒவ்வொரு பதிவு வரியும் தன் சேவையின் பெயரைத் தாங்கி வருகிறது. ‘சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்’ என்று கேட்டால் கடைசிப் பத்து வரிகளும் முடிவு எண்ணும் கிடைக்கும். 203 என்றால் பெரும்பாலும் நிரல் சொன்ன இடத்தில் இல்லை, அல்லது அதற்கு இயக்க அனுமதி இல்லை. 217 என்றால் குறிப்பிட்ட பயனர் கணக்கு இல்லை. அரைநாள் தேடல் அரை நிமிடத்தில் முடிகிறது.

காரணங்கள் மட்டும் மாறவில்லை. முழுப் பாதை எழுதாத கட்டளை, இன்னும் எழாத வலையமைப்பு, திரை தயாராகுமுன் கிளம்பும் வரைகலை நிரல் ஆகியவை அன்றும் இருந்தன, இன்றும் இருக்கின்றன. விழுந்தால் மறுபடி தொடங்கச் சொல்லி வைத்தாலும், வழக்கமான அமைப்பில் பத்து விநாடிக்குள் ஐந்து முறைதான் முயலும். வலையமைப்பு ஆறாவது விநாடியில் எழுந்தால், நிரல் அதற்குள் கைவிடப்பட்டிருக்கலாம்.

இழந்தது வரிசை. அன்று அந்த எண் வரிசையை மேலிருந்து கீழே படித்தால் கணினி எந்த வரிசையில் எழுகிறது என்பது புரியும். இன்று பல சேவைகள் ஒரே நேரத்தில் கிளம்புகின்றன. எதற்குப் பின் எது என்று நாம் எழுதிவைக்காத இடத்தில் வரிசை நாளுக்கு நாள் மாறும். திங்களன்று ஓடிய நிரல் செவ்வாயன்று ஓடாது. வேகத்துக்குக் கொடுத்த இந்த விலை சிறியதல்ல; ஆனாலும் பழைய மௌனத்துக்குத் திரும்ப எனக்கு மனமில்லை.

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். திருத்திய நிரலை முனையத்தில் கையால் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள்; அங்கே உங்கள் பயனர் சூழல் அதற்குத் துணை நிற்கிறது. கணினியையே மறுபடி இயக்கி, பதிவைப் படித்துவிட்டு எழுந்திருங்கள்.