தய்யாரா: ஆவணங்களில் ஒரு வான்வழிப் பயணம்

அரபி மொழியில் விமானத்திற்கு ‘தய்யாரா’ என்று பெயர். பறத்தலைக் குறிக்கும் வேரிலிருந்து, ஒரு செயலை மிகுதியாகவும் தொடர்ந்தும் செய்வதை உணர்த்தும் வாய்பாட்டில் அமைந்த சொல் இது. திருக்குர்ஆனின் யூசுஃப் அத்தியாயத்தில் வழிப்போக்கர் கூட்டத்தைச் சுட்டும் ‘சய்யாரா’ என்னும் சொல் இன்று மோட்டார் வாகனத்தைக் குறிப்பதும் இதே வாய்பாட்டில்தான். உதுமானியத் துருக்கியரும் விமானத்தை இச்சொல்லாலேயே அழைத்தனர். சொல் நகரமக்களின் நாவில் பழகிய சில ஆண்டுகளிலேயே அதனோடு பெருமிதமும் துயரமும் கலந்துவிட்டன. அக்கால இதழ்களும் நாட்குறிப்புகளும் நினைவுக் கற்களும் இதற்குச் சான்று.

முதலில் அது வேடிக்கையாகவே வந்தது. ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்து புகழ்பெற்ற பிரெஞ்சுக்காரர் பிளேரியோ, 1909 டிசம்பரில் இஸ்தன்பூலில் பறந்து காட்டினார். பலத்த காற்றில் நிலைதடுமாறிய அவருடைய விமானம் ஒரு வீட்டுக் கூரைமீது விழுந்தது. அவர் காயங்களோடு பிழைத்தார்.

ஆனால் 1911 நவம்பரில் வேடிக்கை அச்சமாக மாறியது. லிபியாவில் உதுமானியருக்கு எதிராகப் போரிட்ட இத்தாலியர், விமானத்திலிருந்து குண்டுகளை வீசினர். உலகப் போர் வரலாற்றில் இதுவே முதல் விமானக் குண்டுவீச்சு. எதிரியிடம் உள்ள கருவி நம்மிடமும் வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. 1912-இல் இஸ்தன்பூலை அடுத்த யெஷில்கோயில் விமானப் பள்ளி தோன்றியது. 1913 இறுதியில் பெல்கிஸ் ஷெவ்கெத் என்ற பெண்மணி, விமானி ஃபத்ஹீ பேயுடன் நகரின் மேல் பறந்து துண்டுத் தாள்களைத் தூவினார். படைக்கு விமானம் வாங்கப் பெண்களிடம் நிதி திரட்டுவதே நோக்கம். அவர் சார்ந்திருந்த பெண்கள் சங்கத்தின் ‘கதன்லர் துன்யாஸி’ (பெண்கள் உலகம்) இதழ் இம்முயற்சியை முன்னெடுத்தது.

1914 பிப்ரவரி 8 அன்று இரண்டு விமானங்கள் இஸ்தன்பூலிலிருந்து காஹிராவை (கெய்ரோ) நோக்கிப் புறப்பட்டன. பால்கன் போரில் தோற்றுத் துவண்டிருந்த பேரரசு, தன் நகரங்களை வான்வழியே கோத்துக் காட்ட விரும்பியது. முதல் விமானத்தில் ஃபத்ஹீ பேயும் சாதிக் பேயும் திமிஷ்க் (டமாஸ்கஸ்) வரை சென்றனர். பிப்ரவரி 27 அன்று அங்கிருந்து பைத்துல் முகத்தஸை நோக்கிச் செல்கையில், தபரிய்யா ஏரியருகே விமானம் வீழ்ந்து இருவரும் மாண்டனர். இரண்டாம் விமானம் மார்ச் 11 அன்று யாஃபாவின் கடலில் விழுந்தது. நூரி பே இறந்தார், உடன் சென்ற இஸ்மாயில் ஹக்கி உயிர் தப்பினார்.

பயணத்தை நிறைவுசெய்ய சாலிம் பேயும் கமால் பேயும் அனுப்பப்பட்டனர். அவர்களுடைய விமானம் எட்ரெமித் நகரருகே சேதமுற்றது. அந்நகர மக்கள் பணம் திரட்டி வேறொரு விமானத்தை வாங்கிக் கொடுத்தனர். அதற்கு ‘எட்ரெமித்’ என்றே பெயரிடப்பட்டது. கப்பலில் பெய்ரூத் வரை கொண்டு செல்லப்பட்ட அவ்விமானம், அங்கிருந்து பறந்து 1914 மே மாதம் காஹிராவை அடைந்தது.

எனினும் நகரங்களின் நெஞ்சில் நின்றவர்கள் வழியில் வீழ்ந்தவர்களே. பைத்துல் முகத்தஸைச் சேர்ந்த வாஸிஃப் ஜவ்ஹரிய்யா என்ற கிறிஸ்தவ ஊத் இசைக்கலைஞரின் நினைவுக் குறிப்புகள் இதற்குச் சாட்சி. விமானத்தைக் காண நகரமே பக்ஆ வெளியில் திரண்டு காத்திருந்ததையும், விபத்துச் செய்தி வந்து சேர்ந்ததையும், இறந்தோருக்காக இரங்கற்பாடல் எழுந்ததையும் அவர் பதிவு செய்துள்ளார். துருக்கிய முஸ்லிம் வீரர்களுக்காக ஓர் அரபுக் கிறிஸ்தவர் வருந்தியதை அரசு ஆவணங்களில் தேடினால் கிடைக்காது. ஒரு தனிமனிதரின் குறிப்பேடுதான் அதைக் காத்துத் தந்திருக்கிறது.

மூவரும் திமிஷ்கில், உமய்யா பள்ளிவாசலை அடுத்த சலாஹுத்தீன் அய்யூபியின் அடக்கத்தலம் அருகே நல்லடக்கம் செய்யப்பட்டனர். இஸ்தன்பூலின் ஃபாத்திஹ் பகுதியில் 1916-இல் எழுந்த நினைவுச் சின்னம் முறிந்த தூணின் வடிவில் நிற்கிறது. மெக்ரி என்ற கடலோர ஊர் பின்னர் ‘ஃபத்ஹிய்யா’ எனப் பெயர் பெற்றது.

1917-இல் பைத்துல் முகத்தஸும் 1918-இல் திமிஷ்கும் உதுமானியரின் கையைவிட்டுப் போயின. விமானம் கோக்க முயன்ற நகரங்கள் வெவ்வேறு ஆட்சிகளின்கீழ் சிதறின. இயந்திரத்தால் இயலாத அந்த இணைப்பைச் சில வாரங்களுக்கேனும் செய்து காட்டியது, அந்நகரங்கள் ஒன்றாகச் சிந்திய கண்ணீரே.