பாஸ்வேர்டைச் சொல்லாமலே கேட்பது எப்படி?

"ஒரு தளத்துக்குள் நுழைந்ததும், 'உங்கள் பாஸ்வேர்டு தகவல் கசிவு ஒன்றில் வெளியாகியிருக்கிறது, உடனே மாற்றுங்கள்' என்று பிரவுசர் எச்சரிக்கிறது. வெளியே கிடப்பதும் நான் வைத்திருப்பதும் ஒன்றுதான் என்று அதற்கு எப்படித் தெரிந்தது? என் பாஸ்வேர்டை யாரோ உட்கார்ந்து படிக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?" வாசகி ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்.

சந்தேகம் நியாயமானது. 'உங்கள் அந்தரங்கம் எங்களுக்கு முக்கியம்' என்று தொடங்கும் அறிவிப்புகளை நம்பிக் கெட்டவர்கள் நாம். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் யாரும் படிக்கத் தேவையில்லை. இரண்டு பாஸ்வேர்டுகள் ஒன்றா என்று, ஒன்றை இன்னொருவரிடம் காட்டாமலே பார்த்துவிட முடியும். நிரல் எழுதிப் பிழைப்பவர்கள் பார்த்த மாத்திரத்தில் சிரித்துவிடும் அளவுக்கு எளிமையான உபாயம் அது.

முதலில் கசிவு பற்றிய கூச்சலைக் கொஞ்சம் தணித்துக்கொள்வோம். 2025 ஜூனில் '1,600 கோடி பாஸ்வேர்டுகள் கசிந்தன' என்று உலகம் முழுக்கச் செய்தி. பூமியில் ஆளுக்கு இரண்டு என்று கணக்கு வருகிறது. கைக்குழந்தைக்கும் சேர்த்து. உண்மையில் அது புதிய கொள்ளை அல்ல. கணினிகளில் புகுந்து திருடும் மென்பொருள்கள் அள்ளியதும் பழைய கசிவுகளில் கிடந்ததும் சேர்ந்த மூட்டைகள் அவை. ஒரே வரி பல மூட்டைகளில் திரும்பத் திரும்ப வரும். 2019இல் 'கலெக்‌ஷன் 1' என்ற பெயரில் வந்த மூட்டையில் ஏறத்தாழ 270 கோடி வரிகள் இருந்தன. சலித்துப் பார்த்தபோது தேறிய வெவ்வேறு பாஸ்வேர்டுகள் 2 கோடியே 12 லட்சம்தான். தலைப்புச் செய்திக்கு முதல் எண் போகும், இரண்டாவது எண் எந்தத் தலைப்புக்கும் போகாது.

இப்படிக் கசிந்தவற்றைச் சேர்த்துவைத்து, 'உன்னுடையது இதில் இருக்கிறதா பார்' என்று மக்களுக்குச் சொல்லும் சேவையை 2013இல் தொடங்கினார் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டிராய் ஹன்ட். 'ஹேவ் ஐ பீன் ப்வோன்ட்' என்பது அதன் பெயர். மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தால் எந்தெந்தக் கசிவில் அது சிக்கியது என்று சொல்லும். 2017இல் பாஸ்வேர்டுகளுக்கென்றே ஒரு பட்டியலையும் வெளியிட்டார். உடனே ஒரு சங்கடம். பாஸ்வேர்டு பட்டியலில் இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் அதை அந்தத் தளத்தில் தட்டெழுத வேண்டும். திருட்டுப் போயிருக்கிறதா என்று அறிய, முன்பின் தெரியாதவரிடம் சாவியைக் கொடுப்பதா? மாற்று வழி, முழுப் பட்டியலையும் நம் கணினியில் இறக்கிக்கொண்டு தேடுவது. அது பல ஜிகாபைட். பொறியாளர் செய்வார், மற்றவர் செய்யமாட்டார்.

பாஸ்வேர்டை அப்படியே அனுப்பாமல் அதன் ஹாஷை அனுப்பலாமே என்று தோன்றும். ஹாஷ் என்பது எந்த எழுத்துத் தொடரைக் கொடுத்தாலும் அரைத்து ஒரே நீளமுள்ள குறியீடாகத் தரும் கணக்கு. ஷா-1 என்ற வகை ஹாஷ் எப்போதும் 40 குறிகளைத் தரும், ஒவ்வொரு குறியும் 16 வகைகளில் ஒன்று. '123456' என்று கொடுத்தால் வருவது '7சி4ஏ8' என்று தொடங்கும். கடைசி 6ஐ மட்டும் எடுத்துவிட்டு '12345' என்று கொடுங்கள், '8சிபி22' என்று முற்றிலும் வேறொன்று வரும். குறியீட்டிலிருந்து பாஸ்வேர்டுக்குத் திரும்பும் வழி கிடையாது. ஆனால் திரும்பத் தேவையில்லாத ஒரு வழி உண்டு. ஊரில் எல்லாரும் வைக்கும் பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாக அரைத்து, வந்த குறியீட்டோடு ஒப்பிட்டால் போதும். கணினி நொடிக்குக் கோடிக்கணக்கில் அரைக்கும். ஆகவே முழு ஹாஷை அனுப்புவது, எளிய பாஸ்வேர்டு வைத்திருப்பவரைப் பொறுத்தவரை, பாஸ்வேர்டையே அனுப்புவதற்குச் சமம்.

இங்கேதான் உபாயம். 40 குறிகளில் முதல் ஐந்தை மட்டும் அனுப்பு.

அவ்வளவுதான். அந்த ஐந்தில் தொடங்கும் அத்தனை ஹாஷ்களையும், ஒவ்வொன்றும் எத்தனை முறை கசிந்தது என்ற எண்ணிக்கையோடு, சர்வர் உங்களுக்கு அனுப்பிவிடும். மிச்சம் 35 குறிகளை வைத்து உங்கள் கணினியே தேடிக்கொள்ளும். உங்களுடையது எது என்று சர்வருக்குத் தெரியாது. அந்தக் குவியலில் உங்களுடையது இருந்ததா இல்லையா என்பதுகூடத் தெரியாது.

நாடி ஜோதிடம் பார்க்கப் போனவர்களுக்கு இது பழகிய காட்சி. வைத்தீஸ்வரன் கோயிலில் கட்டைவிரல் ரேகையைப் பதித்துக் கொடுக்கிறோம், ஆணுக்கு வலது, பெண்ணுக்கு இடது. ரேகைகள் 108 வகை என்பார்கள். உங்கள் வகைக்குரிய ஓலைக்கட்டை ஜோதிடர் உள்ளேயிருந்து எடுத்துவருகிறார். ரேகை உங்களைக் காட்டிக்கொடுப்பதில்லை, உங்கள் கட்டைத்தான் காட்டுகிறது. ஊரில் பலருக்கும் அதே கட்டு. அந்தக் கட்டுக்குள் உங்கள் ஓலையைத் தேடுவது இரண்டாவது வேலை. முதல் ஐந்து குறிகள்தான் ரேகை, சர்வர் தரும் குவியல்தான் கட்டு.

இதற்குப் பிறகுதான் இரண்டும் பிரிகின்றன. ஜோதிடர் கட்டைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு ஒவ்வோர் ஓலையாகப் பிரித்துக் கேட்கிறார். "தகப்பனார் பேரு ரகரத்துல ஆரம்பிக்குமா?" இல்லை. "உங்களுக்கு இளையவர் உண்டா?" ஆமாம். "ஆமாம், இல்லை, அது மட்டும் சொல்லுங்க, போதும்." நாமும் எதையும் சொல்லவில்லை என்ற நினைப்பிலேயே சொல்லிக்கொண்டிருப்போம். ஓர் 'ஆமாம்-இல்லை' மனிதக் கூட்டத்தை இரண்டாகப் பிளக்கிறது. இரண்டாவது பதில் நான்காகப் பிளக்கும். சரியாகக் கேட்ட 20 பதில்களில் கூட்டம் 10,48,576 பகுதிகளாகிவிடும். ஓலையில் ஏற்கெனவே எழுதியிருந்ததா என்ற விசாரணைக்கே போக வேண்டாம், எழுதத் தேவையான அனைத்தையும் நாமே கொடுத்துவிட்டோம்.

இப்போது ஐந்து குறிகளின் கணக்கைப் பாருங்கள். ஒவ்வொரு குறிக்கும் 16 வாய்ப்பு, ஐந்துக்கும் சேர்த்தால் 10,48,576. அதே எண். ஐந்து குறிகளை அனுப்புவது, அச்சு அசலாக, 20 கேள்விகளுக்கு 'ஆமாம்-இல்லை' சொல்வது. எதுவுமே சொல்லாமல் தேட முடியாது. இந்த முறையின் அழகு, 20 பதிலோடு வாயை மூடிக்கொண்டு, கட்டை அப்படியே வீட்டுக்கு வாங்கிவந்துவிடுவதில் இருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு நாமே ஓலையைப் பிரிக்கலாம். ஜோதிடர் கோயில் வாசலிலேயே உட்கார்ந்திருப்பார், எந்த ஓலை என்று தெரியாமல். தட்சிணையும் கிடையாது.

கட்டில் எத்தனை ஓலை? 2018இல் இந்த முறை நடைமுறைக்கு வந்தபோது பட்டியலில் 50 கோடிக்குச் சற்று மேல். ஒரு கட்டுக்குச் சராசரியாக 478. ஆக மெலிந்த கட்டில் 381, ஆகப் பருத்ததில் 584. எனக்கு மிகவும் பிடித்தது இந்தச் சமத்துவம்தான். மனிதர்கள் பாஸ்வேர்டு வைப்பதில் ஒழுங்கு ஏதுமில்லை. காதலி பெயர், பிறந்த வருடம், கிரிக்கெட் வீரர், கடைசியில் ஒரு 123 என்று ஒரே மூலையில் போய்க் குவிவார்கள். ஹாஷ் அந்தக் கும்பலைப் பத்து லட்சம் கட்டுகளுக்கும் ஏறக்குறையச் சமமாகப் பரப்பிவிடுகிறது. 2017இல் ஆம்ஸ்டர்டாமின் சி.டபிள்யூ.ஐ. ஆய்வு நிலையமும் கூகுளும் உடைத்துக் காட்டிய ஷா-1தான் இது, புதிய பாதுகாப்பு வேலைகளுக்கு ஒதுக்கப்பட்டுவிட்ட கணக்கு. இங்கே அதன் வேலை காவல் காப்பது அல்ல, பரப்புவது. அதற்குக் கிழட்டு ஹாஷ் போதும்.

இன்னொரு ஓட்டையும் இருந்தது. கட்டுகள் ஒரே பருமன் இல்லையே. பதில் மறையாக்கம் செய்யப்பட்டே வரும் என்றாலும், வழியில் நிற்பவருக்கு அதன் எடை தெரியும். நீங்கள் தூக்கிப்போகும் கட்டின் பருமனைத் தெருமுனையிலிருந்து அளந்தே, அது எந்தக் கட்டு என்று ஊகிக்கலாம். 2020இல் அதையும் அடைத்தார்கள். கேட்டுக்கொண்டால் 800 முதல் 1,000 வரை வரும்படி வெற்று ஓலைகளைத் திணித்துத் தருவார்கள். அவற்றில் கசிந்த எண்ணிக்கை பூஜ்யம் என்றிருக்கும், உங்கள் கணினி எறிந்துவிடும்.

வரலாறு வேண்டும் என்பவர்களுக்கு ஒரு பத்தி. 1990களில் மாசசூசெட்ஸ் மாநில அரசு ஊழியர்களின் மருத்துவத் தரவை, பெயர்களை நீக்கிவிட்டு ஆய்வாளர்களுக்குக் கொடுத்தார்கள். அப்போது மாணவியாக இருந்த லட்டான்யா ஸ்வீனி, கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை 20 டாலருக்கு வாங்கி, பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றையும் பொருத்திப் பார்த்து, ஆளுநர் வில்லியம் வெல்டின் மருத்துவக் குறிப்பையே எடுத்துவிட்டார். 1998இல் அவரும் பியராஞ்சலா சமராட்டியும் முன்வைத்த மருந்து: எந்த வரியும் குறைந்தது இத்தனை பேருக்குப் பொருந்தும்படி மங்கலாக்கு. இருபது ஆண்டு கழித்து, கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் ஜுனைத் அலி அதைப் பாஸ்வேர்டு தேடலுக்குத் திருப்பினார். வரலாறு போதும்.

இது பூரணமான பாதுகாப்பா? இல்லை. 478 ஓலைகளும் சமம் அல்ல. '7சி4ஏ8' கட்டைக் கேட்டு வருபவரில் பெரும்பாலோர் '123456' ஆசாமிகள்தான் என்று யாரும் ஊகிப்பார்கள். பயனர் யாரென்றும் தெரிந்து, ஐந்து குறிகளும் கிடைத்துவிட்டால், திருடனின் ஊகம் பலிக்கும் வாய்ப்பு பல மடங்கு உயரும் என்று 2019இல் அமெரிக்க ஆய்வாளர் குழு ஒன்று கணக்கிட்டுக் காட்டியது. அந்தக் குழுவில் ஜுனைத் அலியும் ஒருவர். தன் உபாயத்தின் ஓட்டையைத் தானும் சேர்ந்து அளக்கிறவரை நான் நம்புவேன்.

வாசகி குரோம் பிரவுசர் வைத்திருந்தால் அது செய்வது இன்னும் ஒருபடி மேல். கூகுளின் பட்டியலில் பாஸ்வேர்டோடு பயனர் பெயரும் சேர்ந்திருக்கிறது, கட்டை அப்படியே கொடுத்தால் அடுத்தவர் ரகசியம் உங்களுக்குப் போய்விடும். அதனால் உங்கள் கணினி தன் ஹாஷை ஒரு ரகசிய எண்ணால் அடுக்கேற்றி அனுப்புகிறது. சர்வர் அதன்மேல் தன் ரகசிய எண்ணை ஏற்றித் திருப்புகிறது. நீங்கள் உங்கள் எண்ணை மட்டும் கழற்றுகிறீர்கள். எந்த வரிசையில் அடுக்கேற்றினாலும் விடை ஒன்றே என்பதால் மிஞ்சுவது சர்வரின் எண் மட்டும் ஏறிய வடிவம். கட்டில் உள்ள எல்லாமும் அதே வடிவில்தான் வரும், ஒப்பிட்டுவிடலாம். இங்கே ஜோதிடரை விட்டுவிடுவோம், இதற்கு மேல் இழுத்தால் ஓலை கிழியும். 2019இல் கூகுள் வெளியிட்ட ஆய்வின்படி, சோதித்த 2 கோடியே 10 லட்சம் உள்நுழைவுகளில் 1.5 சதவீதம் ஏற்கெனவே கசிந்தவை. நூற்றில் ஒன்றரை. மூட்டைக் கணக்கைவிட இந்த எண்ணுக்குப் பயப்படுவது புத்திசாலித்தனம்.

சொன்னபடிதான் நடக்கிறதா என்று பார்க்கவும் வழி உண்டு. டிராய் ஹன்ட்டின் பாஸ்வேர்டு பக்கத்தைத் திறந்து, பிரவுசரின் டெவலப்பர் கருவிகளில் 'நெட்வொர்க்' பகுதியையும் திறந்துவைத்து, சோதனைக்கு '123456' என்று தட்டுங்கள். வெளியே போகும் கோரிக்கையின் நுனியில் ஐந்து குறிகள் தெரியும், ஆறாவது இருக்காது. 'உங்கள் தகவல் எங்களிடம் பத்திரம்' என்ற எந்த அறிக்கையையும் இப்படிச் சோதிக்க முடியாது. உறுதிமொழிக்கும் வடிவமைப்புக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். உறுதிமொழியை மீறலாம். தன் கைக்கு வராததைச் சர்வர் தொலைக்க முடியாது.

இந்தச் சோதனை அலுவலகங்களுக்கும் பொருந்தும். 90 நாளுக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி ஊழியரை வதைக்கும் வழக்கத்தை விடுங்கள், புதிய பாஸ்வேர்டு கசிந்த பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள் என்று அமெரிக்கத் தர அமைப்பான நிஸ்ட் 2017லேயே சொல்லிவிட்டது. மாற்றச் சொன்னால் ஊழியர் 1ஐ 2 ஆக்குவார், அவ்வளவுதான்.

வாசகிக்கு: எச்சரிக்கை உண்மைதான், உங்கள் பாஸ்வேர்டை அதற்காக யாரும் படிக்கவில்லை. அதே பாஸ்வேர்டை வேறு எங்கெல்லாம் வைத்திருக்கிறீர்களோ அங்கெல்லாம் இன்றே மாற்றுங்கள், இடத்துக்கு ஒன்று வீதம். நினைவில் நிற்காது என்றால் பாஸ்வேர்டு மேனேஜர் ஒன்றிடம் விடுங்கள். இனி யாராவது 'உங்கள் பாஸ்வேர்டைச் சோதித்துத் தருகிறோம்' என்று பெட்டியை நீட்டினால், என் கணினியை விட்டு வெளியே போவது எத்தனை எழுத்து என்று கேளுங்கள். பதில் ஓர் எண்ணாக வராவிட்டால் தட்டெழுத வேண்டாம்.