பிள்ளை மேனிக்கு உருக்கு எண்ணெய்!

குமரி மாவட்டத்தில் பேறுகாலம் நெருங்கிய வீடுகளில் ஒரு வேலை உண்டு. ஆச்சிமார் உருளியை அடுப்பில் ஏற்றித் தேங்காய்ப் பால் காய்ச்சுவார்கள். பாயசம் வைக்க அல்ல. பிறக்கப் போகும் பிள்ளையின் மேனியில் தேய்க்க!

அதுதான் உருக்கு எண்ணெய். இன்றும் பல வீடுகளில் இதைக் காய்ச்சுகிறார்கள். கடைகளில் புட்டிகளிலும் கிடைக்கிறது.

காய்ச்சுவது எப்படி?

நன்றாக முற்றிய தேங்காய் வேண்டும். இந்த மாவட்டத்தின் ஈத்தாமொழி நெட்டைத் தேங்காய், புவிசார் குறியீடு பெற்ற காய்.

தேங்காயைத் துருவி அரைத்துப் பால் பிழிய வேண்டும். பாலைச் சிறு தீயில் வைத்துக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் தண்ணீர் வற்றும். பிறகு பால் திரியும். கடைசியில் கசடு பழுப்பாகும். எண்ணெய் தெளிந்து நிற்கும். சடசடப்பு அடங்கியதும் இறக்கி வடிகட்ட வேண்டும்.

கசடு கருகினால் எண்ணெய் கெடும். தண்ணீர் மிஞ்சினால் சீக்கிரமே காறல் வாடை அடிக்கும். இனிப்பான கசட்டுக்காகப் பிள்ளைகள் அடுப்படியில் காத்திருப்பார்கள்!

இலுப்பையின் உறவு

ஆப்பிரிக்காவிலும் இதைப் போல ஒன்று இருக்கிறது. அதன் பெயர் ஷியா வெண்ணெய். கானா, மாலி, புர்கினா பாசோ நாட்டுப் பெண்கள் ஷியா மரத்தின் கொட்டையை வறுத்து, அரைத்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து அதை எடுக்கிறார்கள். அங்கும் பச்சைக் குழந்தைக்கு அதைத் தேய்க்கிறார்கள். இன்று உலகமெங்கும் முகப்பூச்சுகளில் அது சேருகிறது. ஷியா மரம் நம் இலுப்பை மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது!

தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி வெப்பத்தில் உருகிவிடும். ஷியா வெண்ணெய் கட்டியாக இருக்கும், கைச்சூட்டில் இளகும். இரண்டும் செய்யும் வேலை ஒன்றுதான். தோலில் உள்ள ஈரம் காற்றில் போய்விடாமல் தடுக்கின்றன.

சோதனையில் கண்டது

கொப்பரையாகக் காயவைக்காமல், பச்சைத் தேங்காயிலிருந்து எடுத்த எண்ணெயைப் பிலிப்பைன்ஸ் நாட்டு டாக்டர்கள் சோதித்தார்கள். 2004-ல் வறண்ட தோல் உள்ள 34 பேரைப் பார்த்தார்கள். மருந்துக்கடையில் விற்கும் கனிம எண்ணெய்க்கு அது சமமாகப் பலன் தந்தது.

2014-ல் வெளியான இன்னொரு சோதனையில், தோல் அரிப்பு நோய் உள்ள 117 குழந்தைகள் கலந்துகொண்டார்கள். தேங்காய் எண்ணெய் தேய்த்த குழந்தைகளுக்கு நோயின் கடுமை 68 சதவீதம் குறைந்தது. கனிம எண்ணெய் தேய்த்தவர்களுக்கு 38 சதவீதமே குறைந்தது. ஆச்சிமாரின் கைவைத்தியத்தில் விஷயம் இருக்கிறது!

மூக்கில் விடாதீர்கள்!

ஆனால் பழக்கம் எல்லாமே நல்லதல்ல. குளிப்பாட்டும்போது பிள்ளையின் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுகிறவர்கள் உண்டு. இது ஆபத்து! மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கலாம்.

பிறந்த உடனே குளிப்பாட்டவும் கூடாது. 24 மணி நேரமாவது போகட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

தோலில் புண்ணோ நீர்க்கசிவோ இருந்தாலும், பிள்ளை எடை குறைவாகப் பிறந்திருந்தாலும் டாக்டரைக் கேட்காமல் எண்ணெய் தேய்க்காதீர்கள். மற்றப் பிள்ளைகளுக்குக் கொஞ்சமாக எடுத்து, உள்ளங்கையில் தேய்த்து, மெதுவாகத் தடவினால் போதும்.

உருக்கு எண்ணெய் மேனிக்குத்தான், மூக்குக்கு அல்ல. இதை வீட்டிலுள்ள பெரியவர்களிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்!