கரிசல் பூமியில் வீட்டுக்கும் வடிகால் வேண்டும்

ஐப்பசி மழை பிடித்துக் கொண்டால், உளுந்துக் காட்டில் தண்ணீர் தேங்கிப் பயிர் மஞ்சளித்துவிடக் கூடாதே என்று மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடாத விவசாயி கரிசல் சீமையில் இல்லை. ஆனால் அதே மழையில் வீட்டுச் சுவரோரம் மூன்று நாள் தண்ணீர் நின்றால், "மழை விட்டதும் வற்றிவிடும்" என்று விட்டுவிடுகிறார். தண்ணீர் வற்றித்தான் போகிறது. போகும்போது சுவரில் ஒரு விரிசலையும், கழிவறைக் குழியில் ஒரு கோளாறையும் வைத்துவிட்டுப் போகிறது.

கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம், அருப்புக்கோட்டை வட்டாரங்களில் பல ஆண்டுச் சேமிப்பையும் கடனையும் போட்டு வீடு கட்டிய சிறு விவசாயிகள் ஏராளம். அந்த வீட்டைக் காப்பாற்றப் பெரிய செலவு வேண்டியதில்லை. மழைக்கு முன் இரண்டு நாள் மண்வெட்டி வேலை செய்தால் பெரும்பகுதி சேதத்தைத் தடுத்துவிடலாம்.

கரிசல் மண்ணின் குணம்

கரிசல் மண் ஈரம் பட்டால் உப்பும். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். சித்திரையில் கை நுழையும் அளவு வாய் பிளந்து கிடக்கும் காடு, மழை பெய்ததும் மூடிக்கொள்வதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். வீட்டு அஸ்திவாரத்தின் அடியிலும் இதேதான் நடக்கிறது. சுவரோரம் தண்ணீர் நிற்கும் பக்கம் மண் உப்பி அஸ்திவாரத்தைத் தூக்குகிறது. காய்ந்த பக்கம் அப்படியே இருக்கிறது. ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கினால் சுவர் தாங்காது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசலும், திடீரென்று இறுக்கிப் பிடிக்கும் கதவும் இதன் அடையாளங்கள். சிமெண்ட் வைத்துப் பூசினால் அடுத்த ஆண்டு அதே இடத்தில் மீண்டும் வெடிக்கும். தண்ணீரைத் திருப்பாமல் விரிசலை மட்டும் பூசுவது வீண் செலவு.

கழிவறைக் குழிக்கும் இந்த மண்ணே எதிரி. செப்டிக் டேங்கில் கசடு அடியில் தங்கி, தெளிந்த நீர் மட்டும் உறிஞ்சுகுழிக்குப் போய் மண்ணில் இறங்க வேண்டும். கரிசல் மண் சாதாரண நாளிலேயே மெதுவாகத்தான் நீரைக் குடிக்கும். மழைநீர் ஊறி உப்பிவிட்டால் சொட்டு நீரும் இறங்காது. குழி நிரம்பி, கழிவுநீர் பீங்கான் வழியே மேலே வரும். அல்லது முற்றத்தில் கசிந்து கிணற்றுப் பக்கம் போகும்.

கூரைத் தண்ணீர் எவ்வளவு?

1,000 சதுர அடி கூரையின் மேல் 1 செ.மீ. மழை பெய்தால் சுமார் 900 லிட்டர் தண்ணீர் விழுகிறது. ஒரே இரவில் 10 செ.மீ. பெய்தால் 9,000 லிட்டருக்கு மேல். இத்தனையும் சுவரோரத்திலேயே கொட்டினால் எந்த அஸ்திவாரம் தாங்கும்?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 90 செ.மீ.க்கு மேல் பதிவானது. அத்தகைய வெள்ளத்துக்கு முற்றத்து வாய்க்கால் ஈடு கொடுக்காது. ஆனால் ஆண்டுதோறும் வரும் சாதாரண மழைதான் வீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. அதைத் தடுப்பது விவசாயியின் கையில் இருக்கிறது.

செய்ய வேண்டியவை

முதலில் மழை பெய்யும்போதே வீட்டைச் சுற்றி வந்து, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே நிற்கிறது என்று பார்த்துக் குச்சி நட்டு வைக்க வேண்டும். பல ஊர்களில் தார் ரோட்டின் மேலேயே மறுபடி ரோடு போட்டு, வீட்டு வாசல் பள்ளமாகிவிட்டது. அப்படியானால் தெருத் தண்ணீரும் உள்ளே வரும். வாசலில் ஒரு சிறு வரப்புப் போட்டு அதைத் தடுக்க வேண்டும்.

அடுத்து, சுவரிலிருந்து 10 அடி தூரத்துக்குள் அரை அடி இறங்கும்படி முற்றத்தைச் சரிவாக்க வேண்டும். கொத்தனார்கள் பயன்படுத்தும் தண்ணீர் டியூப் மட்டத்தால் இதைச் சுலபமாகப் பார்த்துக் கொள்ளலாம். சுவரோரம் ஆற்று மணலையோ ஜல்லியையோ கொட்டி மேடாக்கக் கூடாது. நீர் அதன் வழியே நேராக அஸ்திவாரத்துக்கு இறங்கிவிடும். பசையுள்ள செம்மண்ணை லேசாக நனைத்து, அடுக்கடுக்காகத் திமிசு போட்டு இறுக்க வேண்டும். வசதி உள்ளவர்கள் சுவரை ஒட்டிச் சுற்றிலும் 3 அடி அகலத்துக்கு வெளிச்சரிவாகச் சிமெண்ட் தளம் போட்டுக் கொள்ளலாம்.

சரிவு முடியும் இடத்தில் 1 அடி அகலம், அரை அடி ஆழத்தில் வாய்க்கால் எடுத்து, 10 அடிக்கு 1 அங்குலம் வாட்டம் கொடுத்தால் போதும். அதைப் பண்ணைக் குட்டைக்கோ, ஓடைக்கோ, சொந்தக் காட்டுக்கோ கொண்டுபோக வேண்டும். பக்கத்து வீட்டுச் சுவரில் கொண்டுபோய் விடுவது வம்பை விலைக்கு வாங்குவதாகும்.

கூரைத் தண்ணீரைக் குழாய் மூலம் இந்த வாய்க்காலில் சேர்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது பல வீடுகளில் சேகரிப்புக் குழியைச் சுவரோரமே தோண்டினார்கள். கரிசல் மண்ணில் அது அஸ்திவாரத்துக்கு ஆபத்து. குழியைச் சுவரிலிருந்தும் உறிஞ்சுகுழியிலிருந்தும் தள்ளி வைக்க வேண்டும்; அல்லது தொட்டியில் பிடித்து மாட்டுக்கும் செடிக்கும் பயன்படுத்தலாம்.

சுவரை ஒட்டி வாழை, கீரைப் பாத்தி போட்டுத் தண்ணீர் பாய்ச்சக் கூடாது. வேம்பு போன்ற பெரிய மரங்களும் சுவரருகே ஆகாது. கோடையில் வேர்கள் ஈரத்தை உறிஞ்சுவதால் மண் சுருங்கி அஸ்திவாரம் இறங்கும். மரம் எவ்வளவு உயரம் வளருமோ அவ்வளவு தூரம் தள்ளி நடுவது நல்லது.

கழிவறைக் குழியைக் காக்க

உறிஞ்சுகுழி முற்றத்தின் பள்ளத்தில் இருந்தால், மேட்டுப் பக்கம் வாய்க்கால் எடுத்து மழைநீரைத் திருப்பிவிட வேண்டும். குழியின் மேல் மூடியைச் சுற்றி மண்ணைக் குவித்து, நடு உயர்ந்து நான்கு பக்கமும் சரிவாக இருக்கும்படி செய்ய வேண்டும். டேங்க் மூடியின் இடுக்குகளைச் சிமெண்டால் அடைக்கலாம். ஆனால் காற்றுக் குழாயை அடைக்கக் கூடாது. கொசு வராமல் வலை கட்டினால் போதும்.

குளியல், பாத்திரம் கழுவும் தண்ணீரைச் செப்டிக் டேங்கில் சேர்க்காமல் தனியாகப் பிரித்து, சுவருக்கு எட்டத்தில் உள்ள வாழைக்கு விட்டால் உறிஞ்சுகுழியின் சுமை குறையும். குழியின் மேல் வைக்கோல் போர் வைப்பது, டிராக்டர் ஏற்றுவது இரண்டும் கூடாது. புதிதாக உறிஞ்சுகுழி எடுப்பவர்கள் குடிநீர்க் கிணற்றிலிருந்து 60 அடியாவது தள்ளி எடுக்க வேண்டும். டேங்கில் சேரும் கசடை இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கோடையில் லாரி வைத்து எடுத்துவிடுவது நல்லது.

மழைக்காலத்தில் கவனம்

முற்றத்தில் தண்ணீர் நிற்கும்போது டேங்கைக் காலி செய்யக் கூடாது. சுற்றிலும் ஊறிய நீர் காலி டேங்கை மேலே தூக்கிவிடும். அல்லது பக்கச் சுவர் உள்ளே சரியும். நீர் வடியும் வரை கழிவறையில் தண்ணீரைச் சிக்கனமாக ஊற்றுவதே வழி. குழி நீர் கிணற்றில் கலந்ததாகச் சந்தேகம் வந்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்காமல், சுகாதார ஆய்வாளரிடம் சொல்லி மருந்து போடச் செய்ய வேண்டும்.

அடைப்பு எடுக்கிறேன் என்று யாரும் டேங்குக்குள் இறங்கவே கூடாது. உள்ளே இருக்கும் விஷ வாயு சில நிமிடங்களில் ஆளை வீழ்த்திவிடும். காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்து மாண்ட சம்பவங்கள் பல. கூலிக்கு ஆள் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியுள்ளது.

புரட்டாசி விதைப்பு தொடங்கிவிட்டால் வீட்டு வேலைக்கு நேரம் கிடைக்காது. ஆவணியில் ஓய்வான இரண்டு நாளை ஒதுக்கி, முற்றத்தின் வாட்டத்தைச் சரிசெய்து வாய்க்காலைத் தூர் வாரிவிட்டால், ஐப்பசி அடைமழையிலும் வீட்டைப் பற்றிய கவலையில்லாமல் காட்டைக் கவனிக்கலாம்.