கப்பலுக்குக் காத்திருந்த ஊர்

திருகோணமலையில் ஓர் இரவு எங்கே தங்கலாம் என்று இன்று யாராவது கேட்டால் பதில் சொல்லப் பலர் முன்வருவார்கள். உப்புவெளியா நிலாவெளியா, கடல் தெரியும் அறையா, காலைச் சாப்பாடு சேர்த்தா என்று அந்தக் கேள்வி கிளைவிட்டுக்கொண்டே போகும். 1990களின் பிற்பகுதியில் இதே கேள்வியைக் கேட்டவர்கள் பெரும்பாலும் யாழ்ப்பாணத்துச் சனம். காங்கேசன்துறைக்குக் கப்பல் ஏற வந்தவர்கள். கிளியரன்ஸ், அதாவது பயண அனுமதி, வந்துவிட்டதா, கப்பல் எப்போது, கையிலிருக்கும் காசு அதுவரை தாங்குமா, ஊரில் தெரிந்தவர் வீடு ஏதும் உண்டா என்பவைதான் அவர்களுடைய கவலை. கடல் தெரிகிற அறை வேண்டும் என்று அவர்களில் ஒருவரும் கேட்டதில்லை.

இந்த ஊர் கப்பலுக்காகக் காத்திருந்த காலத்தை இன்றைய சுற்றுலாப் படங்களில் பார்க்க முடியாது. அதனால் அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

1990 ஜூனில் போர் மறுபடி மூண்டபோது கண்டி வீதி, அதாவது ஏ9, அடைபட்டது. 1996 இல் யாழ்ப்பாணக் குடாநாடு அரச படைகளின் கைக்குள் வந்த பிறகும் வன்னியூடாக வீதி திறக்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கும் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கும் போகிறவர்களுக்கு வானும் கடலும்தான் மிஞ்சின. வானில் போகக் காசு வேண்டும். 1998 செப்டெம்பர் 29 அன்று பலாலியிலிருந்து 55 பேருடன் புறப்பட்ட லயன் எயார் விமானம் மன்னாருக்கு அப்பால் கடலில் விழுந்தது. அதன்பின் சிறிது காலம் பொதுமக்களுக்கு அந்த வழியும் இல்லாமல் போனது. எல்லாப் பாரமும் கடல் மேல் இறங்கியது. லங்கா முதித, ஜெயகோல்ட், சிற்றி ஒஃப் ட்ரிங்கோ என்ற கப்பல்களின் பெயர்கள் அந்தத் தலைமுறை யாழ்ப்பாணத்தாருக்கு இன்றும் மறக்காது. வகுப்புக்குத் திரும்ப வேண்டிய பல்கலைக்கழக மாணவர்கள், கொழும்பில் வைத்தியம் பார்த்துவிட்டு வந்த முதியவர்கள், வெளிநாட்டுப் பிள்ளையோடு தொலைபேசியில் பேச மட்டுமே கொழும்பு போய் வந்த தாய்மார் என்று எல்லோரும் திருகோணமலையில் வந்து நின்றார்கள்.

அவர்களுக்கு நாள் குறித்துச் சொல்ல ஆளில்லை. மாரியில் கடல் கொந்தளித்தால் கப்பல் இல்லை. கடலில் சண்டை நடந்தால் இல்லை. படையினரையும் பொருள்களையும் ஏற்றிய பிறகே பொதுமக்களின் முறை. இரண்டு நாள் என்று நினைத்து வந்தவர்கள் வாரக்கணக்கில் தங்க நேர்ந்தது. அப்படிப்பட்டவர் தங்குமிடத்தைத் தேர்ந்தெடுத்த முறை எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் இருக்காது. கப்பலில் ஏறுபவர்களின் பெயர்ப் பட்டியல் ஒட்டும் இடத்துக்கு நடந்து போய் வரும் தூரத்தில் இருக்க வேண்டும். யாழ்ப்பாண அடையாள அட்டையைப் பார்த்ததும் முகம் சுளிக்காத லொட்ஜாக இருக்க வேண்டும். தங்க வந்தவரின் பெயரைப் பொலிஸில் பதிந்து கொடுக்க வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும். இருட்டிய பிறகு சோதனைச்சாவடி எதையும் தாண்டாமல் சாப்பாட்டுக் கடைக்குப் போய் வர வேண்டும். இவை எல்லாம் பொருந்தினால் அறையில் மின்விசிறி சுற்றுகிறதா என்று பார்க்கலாம்.

லொட்ஜ் நிறைந்தபோது வீடுகள் திறந்தன. இதை ஊரின் பெருமையாகவே சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தோடு கொண்டான் கொடுத்தான் உறவில்லாத தமிழ்க் குடும்பம் திருகோணமலை நகரத்தில் குறைவு. உறவில்லாதவர்களும் திறந்தார்கள். பெண்களும் பிள்ளைகளும் உள்ளறையில், ஆண்கள் விறாந்தையில் பாய் போட்டு. நாள் வாடகை வாங்கிய வீடுகளும் இருந்தன, அரிசியும் தேங்காயும் வாங்கித் தந்தால் போதும் என்ற வீடுகளும் இருந்தன, ஒன்றுமே வாங்காத வீடுகளும் இருந்தன. கோயில் மண்டபங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் இரவைக் கழித்தவர்கள் உண்டு. யாத்திரை வந்தவர்களுக்கு இடம் கொடுத்துப் பழகிய ஊர் இது. மடத்தடி என்றொரு சந்தியே நகரத்தின் நடுவில் இருக்கிறது. கோணேசர் கோயிலை 1622 இல் போர்த்துக்கேயர் இடித்த பிறகும், 1963 இல் புதுக் கோயிலுக்குக் குடமுழுக்கு நடக்கும் வரையிலும்கூட, கோயில் நின்ற சுவாமிமலையைப் பார்த்துக் கும்பிட வந்தவர்கள் நின்றுவிடவில்லை. வழிப்போக்கருக்குப் பாய் விரிக்கும் அந்தப் பழக்கம்தான் கப்பல் பயணிகளுக்கும் கைகொடுத்தது என்பது என் எண்ணம்.

பட்டியலில் பெயர் வந்த நாளில் பெட்டி கட்டி, வரிசையில் நின்று, சோதனை முடித்து ஏறினால், கப்பல் முல்லைத்தீவுக் கரையை விட்டு விலகி ஆழ்கடலால் வடக்கே போகும். அது உல்லாசப் பயணம் அல்ல. ஆனால் வீட்டுக்குப் போகும் பயணம். 2002 ஏப்ரலில் ஏ9 திறந்ததும் கப்பலுக்குக் காத்திருக்கும் தேவை குறைந்தது. 2006 ஓகஸ்டில் வீதி மறுபடி அடைபட, கிரீன் ஓஷன் என்ற கப்பல் பயணிகளை ஏற்றி வந்தது. 2009 பெப்ரவரியில் அதே கப்பல் செஞ்சிலுவைச் சங்கத்தின் கொடியோடு புதுமாத்தளன் கரையிலிருந்து காயக்காரரைத் திருகோணமலைக்குக் கொண்டு வந்தது. அவர்களுக்குத் தங்குமிடம் ஆஸ்பத்திரிக் கட்டிலும், கட்டில் போதாதபோது அதன் தரையும்.

போருக்கு முந்திய திருகோணமலைக்கு வேறு முகம். பிரித்தானியக் கடற்படை 1957 இல் வெளியேறும் வரை இங்கே கப்பலுக்குக் காத்திருப்பவர்கள் என்றால் அதிகாரிகளும் மாலுமிகளும்தான். அவர்களுக்குத் தளத்துக்குள்ளேயே விடுதிகள், தளபதிக்கு மாளிகை. ரயில் 1927 இல் வந்த பிறகு கொழும்பிலிருந்து இரவுத் தபால் ரயிலேறி விடியற்காலையில் இறங்குகிற உத்தியோகத்தர்களுக்கு அரச வாடிவீடு. கொட்டியாரக் குடாவின் மறுகரையில் மூதூர்க்காரரின் இரவைத் தீர்மானித்தது லோஞ்சும், பாதை எனப்படும் மிதவையும். தரைவழி போனால் கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி என்று துறைக்குத் துறை பாதை ஏற வேண்டும். கடைசி லோஞ்சை விட்டவர் நகரத்தில் ஒரு விறாந்தை தேட வேண்டியதுதான். 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறந்ததோடு அந்த இரவுகள் முடியத் தொடங்கின. என்னைக் கேட்டால், போருக்குப் பிறகு இந்த மாவட்டத்தில் நடந்த மாற்றங்களில் சாதாரண மக்களின் தூக்கத்தை நேராக்கியது அந்தப் பாலம்தான். ஹோட்டல்கள் எதுவும் அதற்கு இணையில்லை.

ஹோட்டல்கள் போருக்குப் பிறகு வந்தவை என்று நினைப்பதும் சரியல்ல. நிலாவெளி பீச் ஹோட்டல் 1970களில் வந்தது. உப்புவெளியில் கிளப் ஓஷனிக் அதே காலத்தது. ஐரோப்பியர்கள் அப்போதே புறாத்தீவுக்குப் படகில் போய்ப் பவளப்பாறை பார்த்தார்கள். 1983 இனக்கலவரம் அந்த வரவை நிறுத்தியது. 2004 டிசெம்பர் 26 இன் ஆழிப்பேரலை நிலாவெளிக் கரையையே புரட்டிப் போட்டது. கிளப் ஓஷனிக் பிறகு சாயா புளூ ஆகி, இப்போது ட்ரிங்கோ புளூ என்ற பெயரில் நிற்கிறது. இன்னும் வடக்கே குச்சவெளியில் காட்டுக்கும் கடலுக்கும் நடுவே ஜங்கிள் பீச். இவற்றுக்கு இடையில் அலஸ்தோட்டம் தொடங்கி இறக்கக்கண்டி வரை சின்னச் சின்ன கெஸ்ட் ஹவுஸ்கள். பல, குடும்பங்கள் தங்கள் வளவுக்குள் இரண்டு மூன்று அறை கட்டி நடத்துபவை.

இந்தக் கரையில் அவற்றுக்கெல்லாம் மூத்த தங்குமிடம் மீனவர் வாடி. தென்மேல் பருவக்காற்று மேற்குக் கரையைக் கலக்கும் மாதங்களில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் படகோடு கிழக்கே வந்து, ஓலை வாடி போட்டுத் தங்கித் தொழில் செய்வது நெடுநாள் வழக்கம். ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை இங்கே கச்சான் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும், கடல் தட்டையாகக் கிடக்கும். சுற்றுலாப் பயணி வருவதும் அதே கடலுக்கு, அதே மாதங்களில். திமிங்கிலம் பார்க்கப் படகு போவதும் அப்போதுதான். ஆகவே ஒரே கரைத்துண்டில் கரைவலை இழுப்பவரும் சாய்வு நாற்காலி போடுபவரும் ஒரே பருவத்தில் வந்து சேர்கிறார்கள். அங்கே வேலி போட்டு வலை இழுக்கும் இடத்தை மறைக்கும் விடுதியைவிட, வலை வந்து சேரும் நேரத்தில் விருந்தினரையும் கை கொடுக்க அனுப்பும் விடுதியையே நான் தேர்ந்தெடுப்பேன்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. நிலாவெளியில் அறைகள் எழும்பிய அதே ஆண்டுகளில், 2006 இல் போரால் இடம்பெயர்ந்த சம்பூர் மக்கள் கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் முகாம்களில் இருந்தார்கள். 2015 இலிருந்துதான் அவர்கள் ஊர் திரும்பத் தொடங்கினார்கள். துறைமுகத்தைச் சுற்றியுள்ள மிக அழகான கரைகள் இன்றும் படைகளின் கையில். பிரெட்ரிக் கோட்டைக்குள் இராணுவ முகாம், சீனன்குடாவில் விமானப்படை. மார்பிள் கடற்கரையில் விமானப்படையும் சோபர் தீவில் கடற்படையும் விடுதி நடத்துகின்றன. இடம் அழகாக இருக்கும், காசும் கட்டுப்படியாகும். ஆனால் அங்கே கொடுக்கும் வாடகை ஊரவர் கைக்குப் போகாது. தங்குமிடம் தேடுகிறவர் இதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யட்டும்.

கப்பலுக்கு வருவோம். 2023 ஜூனில் கோர்டேலியா நிறுவனத்தின் எம்பிரஸ் சொகுசுக் கப்பல் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று சுற்றத் தொடங்கியது. காலம் பொருத்தமானது. மும்பைப் பக்கம் பருவமழையில் கடல் குமுறும் மாதங்கள்தான் இந்தத் துறைமுகத்துக்கு நல்ல மாதங்கள். மற்ற உலகச் சுற்றுக் கப்பல்கள் பல கொழும்புக்கு வருவது மார்கழி, தை மாதங்களில். அப்போது இங்கே வாடைக்காற்றும் மழையும். அந்தப் பருவத்தில் நிலாவெளியில் அறை மலிவாகக் கிடைக்கும், ஆனால் கடலில் இறங்க முடியாது, புறாத்தீவுக்குப் படகும் ஓடாது.

ஆனால் எம்பிரஸில் வந்தவர்கள் சென்னையில் ஏறிச் சென்னையிலேயே இறங்குகிறவர்கள். அவர்களின் கட்டில் கப்பலுக்குள். இறங்கிச் சில மணி நேரத்தில் கோணேசர் கோயில், கன்னியா வெந்நீரூற்று, கடைத்தெரு என்று பார்த்துவிட்டு மாலையில் திரும்பி ஏறிவிடுவார்கள். கப்பலுக்கு முன்னிரவு திருகோணமலையில் தங்க யாருக்கும் தேவை வரவில்லை. 1999 இல் இங்கே கப்பல் இருந்தது, படுக்க இடம் போதவில்லை. இன்று வடக்குக் கரை நெடுக அறைகள் இருக்கின்றன, இங்கிருந்து ஏறிப் போக ஒரு கப்பல் இல்லை. யாழ்ப்பாணம் போக வேண்டிய திருகோணமலையார் வவுனியா வழியாகப் பஸ்ஸில் சுற்றிப் போகிறார்.

அப்படி ஒரு கப்பல் மறுபடி ஓடுமானால், முன்னிரவு எங்கே தங்குவது என்பதற்கு என் பதில் தயாராக இருக்கிறது. நகரத்துக்குள். நிலாவெளி 15 கிலோமீற்றர் தள்ளி. கடலில் குளிக்க இரண்டு நாள் இருப்பவருக்கு அது சரி. விடியற்காலையில் துறைமுகத்தில் நிற்க வேண்டியவருக்கு டச்சுக்குடாப் பக்கமோ உட்துறைமுக வீதியோ ஓர்ஸ்ஹில்லோ நல்லது. மாலையில் டச்சுக்குடாக் கரையில் பிள்ளைகள் பட்டம் விடுவதைப் பார்த்துவிட்டு, மான்கள் மேயும் கோட்டை வழியே மலையேறிக் கோயிலுக்குப் போய்வரலாம். நேரம் இருந்தால் பழைய ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டத்தையும் பார்க்கலாம். நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் தம்பி, கடற்படைத் தளபதி சார்ள்ஸ் ஒஸ்ரின், 1852 இல் பர்மாவில் இறந்து இங்கே அடக்கம் செய்யப்பட்டவர். இரவு நல்ல இடியப்பமும் சொதியும் கிடைக்கும் கடையைக் கேட்டு அறிந்து சாப்பிடுங்கள். விடுதிச் சாப்பாட்டறைக்கு அது ஒருநாளும் வராது.

கப்பல் ஓட என்ன தடை? காங்கேசன்துறையில் பயணிகள் முனையம் 2023 ஜூனில் திறந்தாகிவிட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் நாகபட்டினத்திலிருந்து பயணிகள் கப்பல் அங்கே வந்தும் காட்டியது. திருகோணமலையில் பெரிய கப்பல் கட்ட அஷ்ரப் இறங்குதுறை இருக்கிறது, உலகின் ஆழமான இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று அதன் முன்னால் விரிந்து கிடக்கிறது. போர்க்காலத்தில் சண்டைக்கு நடுவே ஓடிய ஒரு சேவை சமாதான காலத்தில் ஓட முடியாது என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. கிழமைக்கு ஒரு தடவை, சாதாரண சனம் கொடுக்கக்கூடிய கட்டணத்தில், திருகோணமலையிலிருந்து காங்கேசன்துறைக்கு. நல்லூர்த் திருவிழா ஆவணி மாதக் கச்சான் கடலில் வருகிறது. அந்த 25 நாளுக்கு மட்டும் முதலில் ஓட்டிப் பார்க்கலாம்.