ஊட்டிச் செடியும் கீழ்பென்னாத்தூர் வெயிலும்

நம் கணக்குப்படி இளவேனில் என்றால் சித்திரையும் வைகாசியும். அக்னி நட்சத்திரம் வருவதும் அதே இரண்டு மாதத்துக்குள்தான்! அதனால் "வசந்த காலத்தில் பொதுப் பூங்காக்களைப் பாருங்கள், வீட்டுத் தோட்டத்துக்கு யோசனை கிடைக்கும்" என்று எங்காவது படித்தால் முன்பெல்லாம் சிரிப்பு வரும். இப்போது அந்த அறிவுரை நமக்கும் சரி என்றுதான் நினைக்கிறேன். காரணம்தான் வேறு.

சில வருடங்களுக்கு முன் ஒரு மே மாதம், மலர்க் கண்காட்சி சமயத்தில் ஊட்டி போனோம். தாவரவியல் பூங்கா 1848-இல் மெக்ஐவர் என்ற தோட்டக்கலைஞரின் கையில் உருவானது. மலைச்சரிவையே படிப்படியாகத் தோட்டமாக்கியிருப்பதைப் பார்த்து மயங்கிவிட்டேன். திரும்பும்போது நாலு ஹைட்ரேஞ்சியா வாங்கி, கீழ்பென்னாத்தூரில் அம்மா வீட்டு வாசலில் வைத்துவிட்டு பெங்களூர் வந்துவிட்டேன். மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை. அந்தக் கோடையில் கிணறு அடி தட்டியிருந்தது. அம்மா தெருக்குழாயில் பிடித்து தினம் ரெண்டு குடம் ஊற்றியிருக்கிறார். "சாகப்போற செடியக் கொண்டாந்து என்கிட்ட குடுத்துட்டுப் போயிட்டியேடா" என்றார் போனில். எனக்கு அது செடியைப் பற்றி மட்டும் சொன்னதாகப் படவில்லை.

அப்புறம்தான் படிக்க ஆரம்பித்தேன். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். எங்கள் ஊரோடு ஒப்பிட்டால் 12, 13 டிகிரி வித்தியாசம் வரும். பகலைவிட ராத்திரிதான் பிரச்சினை. செடி பகலில் சேர்த்த சர்க்கரையை இரவில் சுவாசித்துச் செலவழிக்கிறது. இரவு சூடாக இருந்தால் செலவு கூடும். அகலமான மெல்லிய இலை நீரையும் வேகமாக இழக்கும். ரெண்டு குடம் என்ன, பத்துக் குடம் ஊற்றினாலும் கஷ்டம்தான்.

அடுத்த சித்திரையில் செஞ்சி, திண்டிவனம் வழியாக ஆரோவில் தாவரவியல் பூங்காவுக்குப் போனேன். 2003-இல் தொடங்கியது, 50 ஏக்கர். ஆரோவில் 1968-இல் ஆரம்பித்தபோது அந்த மேடு பெரும்பாலும் மண் அரித்த செம்மண் பொட்டல். இந்தப் பூங்காவில் சோழமண்டலக் கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டு மரங்களைத் தேடிச் சேர்த்து வளர்க்கிறார்கள். கருங்காலி, உலக்கைப்பாலை, வீரை, காயா, செருந்தி. பெரும்பாலும் சின்ன, தடித்த, தோல் மாதிரி இலைகள். நீர் சீக்கிரம் ஆவியாகாது.

வெயில் மண்டையைப் பிளந்த அந்த நாளில் காயா பூத்திருந்தது. 'காயாம்பூ வண்ணன்' என்று கேட்டே வளர்ந்தவன், அந்தப் பூவைப் பார்த்தது நாற்பது வயதில்! குச்சியை ஒட்டியே கொத்துக்கொத்தாக நீலம்.

ஐப்பசி மழையில் எந்தத் தோட்டமும் அழகாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. கோடையில் போங்கள். எதற்குத் தண்ணீர்க் குழாய் போட்டிருக்கிறார்கள், எது குழாயே இல்லாமல் பச்சையாக நிற்கிறது என்று பாருங்கள். ரெண்டாவதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் உடனே நடாதீர்கள். நாட்டு மரமானாலும் கன்றுக்கு வேர் ஆழமாகப் போகும்வரை தண்ணீர் வேண்டும். புரட்டாசியில் நட்டால் வடகிழக்குப் பருவமழை அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

நான் நட்டது ரெண்டு காயா, ஒரு செருந்தி, ஒரு வீரை. வீரையை ஆடு மேய்ந்துவிட்டது. காயா ரொம்ப மெதுவாக வளரும், இன்னும் என் இடுப்புக்கு வரவில்லை; பூவும் இல்லை. முதல் இரண்டு கோடைக்கு மட்டும் வாரம் ஒரு குடம் ஊற்றினார் அம்மா. இப்போது அந்தத் தண்ணீர் கறிவேப்பிலைக்குப் போகிறது. "இது பூக்குறப்ப நீயே வந்து பார்த்துக்க, போட்டோல்லாம் எடுத்து அனுப்ப மாட்டேன்" என்கிறார்.