வானம் பார்த்த மண்ணில் வழிபாடு

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. பருத்தி, கம்பு, சோளம், மல்லி, மிளகாய் எனப் பெரும்பாலும் மானாவாரி வெள்ளாமை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்து கண்மாய் பெருகினால்தான் ஆண்டு முழுவதும் அடுப்பெரியும். இங்குள்ள கிறிஸ்தவர்களின் வழிபாட்டிலும் மழைக்கான காத்திருப்பு கலந்திருக்கிறது.

இந்த வறண்ட சீமையில் கிறிஸ்தவம் துன்பத்தினூடே வளர்ந்தது. 1693இல் ஓரியூரில் இயேசு சபைக் குரு அருளானந்தர் விசுவாசத்துக்காக உயிர்நீத்தார். 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனின் பணி பிற்காலத்தில் அருப்புக்கோட்டைக்கும் பரவியது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் தென்மாவட்ட மிஷன்கள் கஞ்சி வார்த்தன, அநாதைப் பிள்ளைகளைக் காத்தன. அந்த நாட்களில் திருநெல்வேலிச் சபைகளில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தனர்.

திருச்சபை ஆண்டில் காத்திருந்து ஆயத்தமாக இரண்டு காலங்கள் உண்டு. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளை உள்ளடக்கியது திருவருகைக் காலம். அது பருவமழையின் கடைசிக் கட்டத்தில் வருவதால், மழை குறைந்த ஆண்டில் மீட்பரை எதிர்நோக்கும் மன்றாட்டோடு கருகும் பயிருக்கான மன்றாட்டும் சேர்ந்துகொள்கிறது. சாம்பல் புதனில் தொடங்கும் தவக்காலம் அறுவடை முடிந்து வெயில் ஏறும் மாதங்களில் வருகிறது. ஞாயிறுகள் நீங்கலாக நாற்பது நாள் நோன்பு, சிலுவைப்பாதை, தர்மம் ஆகியவை அதன் வழக்கங்கள். தென்னிந்தியத் திருச்சபையின் (சி.எஸ்.ஐ.) சபைகள் இதை லெந்து காலம் என்கின்றன.

இத்தகைய நாட்களுக்கான சொற்களைத் தருபவை சங்கீதங்கள். 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று புலம்பல். 13ஆம் சங்கீதம் இன்னும் எத்தனை காலம் என்று கடவுளிடமே கேட்டு, நம்பிக்கையில் முடிகிறது. 88ஆம் சங்கீதமோ இருளிலேயே முடிகிறது. அதுவும் வேதத்தில் இடம்பெற்றிருப்பதால், ஆறுதல் கிடைக்காதவரின் அழுகையும் ஜெபமே என்பது தெளிவாகிறது. விளைச்சலும் மந்தையும் அற்றுப்போனாலும் கடவுளில் மகிழ்வேன் என்ற உறுதியோடு தீர்க்கதரிசி ஆபகூக்கின் நூல் நிறைவடைகிறது.

காத்திருக்கும் சபை கைகட்டி இருப்பதில்லை. மழை பொய்த்தால் உபவாச ஜெபம் கூடுகிறது. உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துவைத்துக் காணிக்கையாகச் செலுத்துவது தென்தமிழகச் சபைகளின் பழைய வழக்கம். அறுப்பின் பண்டிகையில் தானியமும் காய்கறியும் கோழியும் ஆலயத்துக்கு வருகின்றன. அவற்றை ஏலம் விட்டுக் கிடைக்கும் பணம் சபைப் பணிக்குச் சேர்கிறது. விளைச்சல் குறைந்த ஆண்டிலும் இல்லாதவருக்குப் பங்கு கிடைக்குமானால், அந்தச் சபையின் விசுவாசம் உயிருள்ளது.